சிட்டை ஒரு தாள், பேரேடு ஒரு தாள்

1978-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி வகுப்பறை. கரும்பலகைக் கணக்கில் ஓர் எண் பிசகினால், அதைச் சார்ந்த எண்கள் அத்தனையையும் அழித்து எழுத வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றவை தாமே திருந்தும் பலகை இருந்தால் என்ன என்று மாணவர் டான் பிரிக்லினுக்குத் தோன்றியது. நண்பர் பாப் பிராங்ஸ்டன் நிரல் எழுதினார். 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்கு அந்த நிரல் விசிகால்க் என்ற பெயரில் வந்தது. எக்செல் அதன் வழிவந்ததுதான்.

ஒரு பலகாரக் கடையின் விற்பனையை எக்செல்லில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பலரும் இடப்பக்கம் பலகாரப் பெயர்களையும் மேலே தேதிகளையும் போட்டுக் கட்டம் கட்டுகிறார்கள். இரண்டு மாதத்தில் தாள் பக்கவாட்டில் நீண்டு, தேடுவதே பெரும்பாடாகிவிடும். பழைய கடைக்காரர்களின் வழக்கமே இங்கும் சரி: அன்றாட வரவு சிட்டையில், தொகுத்த கணக்கு பேரேட்டில்.

முதல் தாள் சிட்டை. தேதி, பில் எண், பொருள், கிலோ, விலை, தொகை என்று ஆறு பத்தி போதும். ஒரு பில்லில் மூன்று பலகாரம் இருந்தால் மூன்று வரி. இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். ஒரு தாளில் 10,48,576 வரிகள் உண்டு. நாளுக்கு 100 வரி எழுதினாலும் 28 ஆண்டு தாங்கும்.

கிலோ பத்தியில் ‘2’ என்று மட்டும் எழுத வேண்டும். ‘2 கிலோ’ என்று எழுதினால் எக்செல் அதை எண்ணாக எடுக்காமல் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். மொத்தம் போடும்போது சத்தமில்லாமல் அதை விட்டுவிடும். ‘எள்ளுருண்டை’, ‘எள் உருண்டை’ இரண்டும் அதற்கு வெவ்வேறு சரக்கு. டேட்டா வேலிடேஷனில் பெயர்ப்பட்டியல் கொடுத்துவிட்டால், தட்டச்சு செய்யாமல் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

விலையில்தான் பெரிய கண்ணி இருக்கிறது. தனி விலைப்பட்டியல் வைத்து, அதிலிருந்து விலையைச் சூத்திரத்தால் இழுப்பது வசதியாகத் தெரியும். தீபாவளிக்கு முறுக்கு 320 ரூபாயிலிருந்து 360 ஆகிறது. பட்டியலில் மாற்றிய மறுகணம், ஆடி மாதம் விற்ற முறுக்கும் 360 ஆகிவிடும்! பிரிக்லின் விரும்பிய வரமே இங்கே வினையாகிறது. விற்ற அன்றைய விலையை அந்தந்த வரியில் எண்ணாகவே எழுதிவிட வேண்டும்.

பேரேட்டை நாம் எழுதத் தேவையில்லை. சிட்டையைத் தெரிவுசெய்து கன்ட்ரோல் டி (Ctrl+T) அழுத்தி டேபிள் ஆக்கி, அதிலிருந்து பைவட் டேபிள் போட்டால் பொருள்வாரி, மாதவாரிக் கணக்கு அடுத்த தாளில் வந்து நிற்கும். புது வரிகள் எழுதிய பிறகு ரெஃப்ரெஷ் கொடுக்க மறக்காதீர்கள். அதுவரை அது காட்டுவது பழைய கணக்கு.