அப்பாயியின் சுண்ணாம்பு

நல்லதண்ணியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சிவனொளிபாதமலை சீசனுக்குக் கொழும்பிலிருந்து வந்த கூட்டாளியின் சட்டைப்பையில் பேனை மாதிரி ஒன்று இருந்ததாம். இழுத்தால் மாம்பழ வாசத்தோடு புகை வருமாம். "அதுக்கு ஊத்துற தண்ணி வெல கூடவாம். வீட்டுலயே கலக்கிக்கலாம், லேசுன்னு சொல்றாரு. வேப் ஜூஸ் கலக்கிறது எப்படி? பயமில்லையா?" கடிதத்தைப் பிரித்தவர், இலத்திரனியல் சிகரெட்டுக்கு ஊற்றும் அந்தத் திரவத்தை வேப்பிலைச் சாறு என்று நினைத்து மருத்துவக் குறிப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார். என் மேசைக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் தம்பி கலக்கியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

முதலில் சட்டம், ஒரே மூச்சில். இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த ஒழுங்குவிதிகள், புகையிலை கலந்த இலத்திரனியல் சிகரெட்டை நாட்டில் செய்வதையும் கொண்டுவருவதையும் விற்பதையும் தடுக்கின்றன. வாயில் அடக்கும் புகையிலைக் கலவைகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. இந்தியா 2019இல் தனிச் சட்டமே போட்டது. ஆகவே எதை எத்தனை சொட்டு விடுவது என்று இந்தக் கட்டுரையில் தேட வேண்டாம். ஆனால் வேப் குப்பிக்குள் நடக்கிற இரசாயனத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அதே இரசாயனத்தைத் தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வருகிறார்கள். கலப்பவர்கள் நம் அப்பாயிமார்.

குப்பியில் இருப்பவை நான்கே சாமான்: புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனை, நிக்கொட்டின். முதல் இரண்டும் நிறமற்ற, லேசாக இனிக்கிற, பிசுபிசுப்பான திரவங்கள். ஒன்று 188 பாகையில் கொதிக்கும், மற்றது 290இல். சூடேறிய கம்பிச்சுருளில் ஆவியாகி, அடுத்த கணமே குளிர்ந்து நுண்துளிகளாகின்றன. 'வெறும் நீராவிதான்' என்று சொல்லி விற்கிறார்களே, அது நீருமில்லை, ஆவியுமில்லை. மவுசாக்கலைப் பக்கமிருந்து ஏறிவந்து நல்லதண்ணிக் கடைத்தெருவை மறைக்கிற மூடுபனி எப்படித் துளிகளோ, அப்படி இதுவும் துளிகள்.

வாசனையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைப் பிடித்திழுப்பது நாலாவது சாமான்.

நிக்கொட்டின் மூலக்கூறில் இரண்டு நைதரசன் அணுக்கள் உண்டு. அதில் ஒன்றுக்கு ஒரு பழக்கம்: பக்கத்தில் புரோத்தன் ஒன்று கிடைத்தால் எடுத்து முதுகில் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் மூலக்கூறு மின்னேற்றம் பெறுகிறது. நம் உயிரணுக்களின் மென்சவ்வு கொழுப்பாலானது. மின்னேற்றம் உள்ளவரை அது லேசில் உள்ளே விடாது. கொழுந்துக் கூடையோடு லயத்துக் கதவுக்குள் நுழையப் பார்க்கிற பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கூடை நிலையில் முட்டும். இறக்கி வைத்தால் சட்டென்று உள்ளே போய்விடுவாள்.

கூடையோடு எத்தனை பேர், கூடையில்லாமல் எத்தனை பேர் என்பதைத் தீர்மானிப்பது சூழலின் பிஎச், அதாவது அது அமிலமா காரமா என்று சொல்லும் எண்; எண் ஏற ஏறக் காரம். பிஎச் 8இல் சரி பாதி. 6இல் நூற்றுக்கு ஒருவர்தான் கூடையில்லாமல் நிற்பார். 9இல் தொண்ணூறு பேர், 10இல் தொண்ணூற்றொன்பது. சுண்ணாம்பு என்பது மடுவத்தில் நிற்கிற கணக்கப்பிள்ளை மாதிரி, வருகிறவரிடமெல்லாம் கூடையை வாங்கி இறக்குகிறது. ஒருத்தி உள்ளே போனதும் வெளியே நிற்பவர்களில் இன்னொருத்தி இறக்குவாள், ஏனென்றால் வெளியே அந்த விகிதம் கலையக் கூடாது. இப்படியே வரிசை முழுக்க உள்ளே போய்விடும். இன்னும் ஒரு படி போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரத்தத்தின் பிஎச் 7.4. அங்கே போனதும் ஐந்தில் நான்கு பேர் மறுபடி கூடையைத் தூக்கிக்கொள்கிறார்கள், வந்த கதவால் திரும்ப முடியாது. உவமை உடைவது ஓரிடத்தில்தான்: இறக்கிய கூடை மடுவத்தில் கிடக்காது, சுண்ணாம்பின் ஐதரொட்சைட்டு அதைச் சேர்த்துக்கொண்டு தண்ணீராகிவிடும். கூடையைத் தண்ணீராக்கிய கணக்கப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை. நிறையில் குறைத்தவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

என் அப்பாயி விடியற்காலைப் பெரட்டுக்குப் போகுமுன் சுருக்குப்பையைத் திறப்பார். வெத்திலையின் முதுகில் சுண்ணாம்பு, பாக்குச் சீவல், ஒரு கிள்ளு போயிலை. குளிருக்கும் பசிக்கும் அதுதான் காவல். சுண்ணாம்பு நீரின் பிஎச் 12ஐத் தாண்டும். எச்சிலும் இலையும் அதை எவ்வளவுதான் குறைத்தாலும், வாய்க்குள் 8ஐத் தாண்டினாலே போதும், பாதிக்கு மேல் நிக்கொட்டின் கூடையை இறக்கிவிட்டு, கன்னத்தின் உட்தோல் வழியே நேராக இரத்தத்துக்குப் போகத் தயாராகிவிடும். எச்சிலை விழுங்கினால் கதை வேறு. வயிற்று அமிலத்தில் எல்லோர் முதுகிலும் கூடை. அங்கே கதவு திறக்காது. குடல் வரை போய்த்தான் உள்ளே ஏறவேண்டும், ஏறியதில் பெரும்பங்கை ஈரல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் குமட்டல். துப்புகிற பழக்கத்துக்கு இப்படியும் ஒரு நியாயம் இருக்கிறது.

துப்பியது காலில் ஏறிய அட்டை மேலே விழுந்தால் அது சுருண்டு கழன்றுவிடும் என்பார் அப்பாயி. இதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை: 1930களில் ஃபெல்ட்பேர்க் என்ற ஜெர்மானியர், நரம்புகள் கசியவிடும் அசெட்டைல்கோலினின் அளவைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்திய கருவி ஒரு அட்டையின் முதுகுத் தசைதான். அந்தத் தசையில் அசெட்டைல்கோலின் போய் உட்காரும் இடத்தில் நிக்கொட்டினும் உட்காரும். நம் மூளையிலும் அதே இடந்தான். லண்டனில் அவர் சேர்ந்து வேலை செய்த ஆய்வகத்தின் தலைவர் ஹென்றி டேலுக்கு 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. அட்டைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணச் சுருட்டுக்கும் இந்தக் கூடைக் கணக்குத்தான். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. வாயிலேயே வேலை முடிந்துவிடும், உள்ளே இழுக்கத் தேவையில்லை. சிகரெட் புகை அமிலப் பக்கம் சாய்ந்தது. நெஞ்சுவரை இழுத்தால்தான் பலன். அந்த ஒரு வித்தியாசத்தால் எத்தனை நுரையீரல்கள் போயின என்று கணக்குப் பார்க்கலாம்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பந்தி. அமெரிக்கர் ஹேர்பர்ட் கில்பர்ட் 1963இல் புகையில்லாச் சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டார்; ஒருவரும் வாங்கவில்லை. சீன மருந்தாளர் ஹொன் லிக் 2003இல் இன்றைய வடிவத்தைச் செய்தார், எல்லோரும் வாங்கினார்கள். போதும்.

இனி 2015க்கு வருவோம். அதுவரை குப்பிகளில் இருந்தது பெரும்பாலும் கூடையிறக்கிய நிக்கொட்டின். அது தொண்டையைப் பிறாண்டும். அளவு ஏற ஏற இருமல் பிடுங்கும். அதனால் யாரும் அதிகம் சேர்க்கவில்லை. அந்த வருடம் கலிபோர்னியாவில் ஜூல் என்ற கருவி வந்தது. அதன் திரவத்தில் பென்சோயிக் அமிலம் சேர்த்திருந்தார்கள். அப்பாயி சுண்ணாம்பு தடவியதற்கு நேர் எதிர்: எல்லோர் முதுகிலும் கூடையை ஏற்றிவிடுவது. 'நிக்கொட்டின் உப்பு' என்று பெயர். தொண்டையில் பிறாண்டல் இல்லை. துளிகள் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குப் போகின்றன. அங்கே பிஎச் மறுபடி 7.4ஐ ஒட்டி நிற்கிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. நுரையீரலின் உட்பரப்பை விரித்தால் ஐந்தாறு லயத்துக் காம்பராவின் தரைக்குக் குறையாது. அத்தனை கதவு திறந்திருக்க, ஐந்தில் ஒருவர் கூடையில்லாமல் நின்றாலே போதும். ஐரோப்பாவில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் நிக்கொட்டின்தான் உச்ச வரம்பு. ஜூலின் அமெரிக்கக் குப்பியில் 59 இருந்தது.

இந்த இடத்தில்தான் அப்பாயி பக்கம் சாய்கிறேன். வெத்திலை நல்லது என்று சொல்ல வரவில்லை. பாக்கும் போயிலையும் வாய்ப் புற்றுநோய் தரும் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் அதுதான். ஆனால் அந்தக் கலவையில் ஒரு கடிவாளம் இருந்தது. நிக்கொட்டினைக் கூட்ட வேண்டுமென்றால் சுண்ணாம்பைக் கூட்ட வேண்டும். சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும். 'போதும்' என்று உடம்பு சொல்கிற இடமும் மருந்து ஏறுகிற இடமும் ஒன்றாகவே இருந்தன. அமிலம் சேர்த்தவர்கள் அந்தக் கடிவாளத்தைக் கழற்றிவிட்டு, 'மென்மையான அனுபவம்' என்று விளம்பரம் செய்தார்கள்.

வீட்டில் கலக்குகிறவருக்கு இதற்கும் மேலே ஒரு தொல்லை. கலப்பதற்கென்று கிடைக்கிற நிக்கொட்டின் செறிவு வழக்கமாக மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம். ஒரு சொட்டு என்பது மில்லிலீற்றரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது ஒன்று, ஒன்றரை. அதுவும் கூடையிறக்கிய நிக்கொட்டின் தோல் வழியாகவும் நுழையும். பனியில் நனைந்த புகையிலை இலையைக் கட்டுகிறவர்களுக்கு வாந்தியும் மயக்கமும் வருவது அதனால்தான். பாடப்புத்தகங்கள் 60 மில்லிகிராமில் ஆள் போய்விடும் என்று நூறு வருடமாக எழுதின. ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்து பேர்ண்ட் மாயர் 2014இல் அந்த எண்ணின் வேரைத் தோண்டிப் பார்த்தார். பழைய, ஐயத்துக்குரிய சுயபரிசோதனைகள்தான் கிடைத்தன. விழுங்கினால் அரைக் கிராமுக்கு மேலாவது வேண்டும் என்பது அவர் கணக்கு. பெரியவர்களுக்கு ஆறுதல்தான். அதே 2014 டிசம்பரில் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை இந்தத் திரவத்தை விழுங்கி இறந்தது. ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் மருந்துக் குப்பியும் தவழும் பிள்ளையும் இருக்கிற இடத்தில் மாம்பழ வாசக் குப்பியை எங்கே ஒளித்து வைப்பது?

'பாமசியில் கிளிசரின் வாங்கினால் சரி' என்பதும் அவ்வளவு லேசில்லை. கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்கோலும் போலவே நிறமற்று, பிசுபிசுத்து, இனிக்கிற இன்னொன்று உண்டு: டைஎதிலீன் கிளைக்கோல். சிறுநீரகத்தைக் கொல்லும். 1937இல் அமெரிக்காவில் ஒரு மருந்துப் பாணியில் கரைப்பானாக அதைச் சேர்த்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அது அந்தக் காலம் என்று நினைக்க வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் பாணி குடித்து இறந்தார்கள். பாணி தயாரானது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்தபோது அதில் 48.6 வீதம் டைஎதிலீன் கிளைக்கோல். மருந்துத் தொழிற்சாலையே கோட்டைவிட்டதை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

வாசனைக்கு 'உணவுத் தரம்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். அது வயிற்றுக்கான சீட்டு. உதாரணத்துக்கு, வைட்டமின் ஈ அசிட்டேற்றைத் தோலில் பூசலாம், விழுங்கலாம்; நுரையீரலுக்கு அது ஆகாது. 2019இல் அமெரிக்காவில் கள்ளத்தனமாகக் கஞ்சாத் திரவம் கலந்தவர்கள் அதைத் தடிப்புக்காகச் சேர்த்தார்கள். அதை இழுத்தவர்களுக்கு நுரையீரல் நோய் வந்தது; 2020 பெப்ரவரிவரை வைத்தியசாலைக்குப் போனவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர், அதில் இறந்தவர்கள் 68. கைக்கலவை ஆட்கள் நினைவில் வைத்திருக்கவேண்டிய கணக்கு இதுதான்.

அதற்காகக் கைபேசியில் வருகிற பயங்காட்டல் எல்லாவற்றையும் நான் வழிமொழிய மாட்டேன். 'பொப்கோர்ன் நுரையீரல்' என்று ஒரு சொல் சுற்றுகிறது. அது 2000இல் மிசூரியில் ஒரு சோளப்பொரித் தொழிற்சாலையில் வெண்ணெய் வாசனை இரசாயனத்தைச் சுவாசித்த தொழிலாளர்களிடம் தெரியவந்த நோய்; வேப் இழுப்பவர் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள். 2015இல் வேப் துளிகளில் போமல்டிஹைட்டு குவிகிறது என்று ஒரு கடிதம் பெரிய மருத்துவ இதழில் வந்தது. 5 வோற்றில் வந்தது, 3.3 வோற்றில் வரவில்லை என்று அதே கடிதத்தில் இருந்தது. கருகிப்போன அந்தப் புகையை மனிதர் யாரும் இழுக்க மாட்டார் என்று எதிர்வாதமும் வந்தது. தலைப்புப் போட்டவர்கள் அவ்வளவு தூரம் வாசிக்கவில்லை. அதே வருடம் இங்கிலாந்துப் பொதுச் சுகாதார அமைப்பு, சிகரெட்டைவிட 95 வீதம் தீங்கு குறைவு என்றது. அந்த 95 அளந்து வந்த எண் இல்லை, சில நிபுணர்கள் கூடியிருந்து மதிப்பிட்டது. இரு தரப்பும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடின.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. ஆலாத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விட்டால் சிவக்கிறதே, அந்த நிறம் மாறுவது பிஎச் 8ஐ ஒட்டித்தான்: நிக்கொட்டினில் சரி பாதி கூடையை இறக்குகிற அதே இடம். இது உறைத்த நாளில் மஞ்சள் தோய்த்துக் காயவைத்த கடதாசித் துண்டோடு அப்பாயியிடம் போய், "இதுல கொஞ்சம் துப்புங்க" என்றேன். துப்பினார். கடதாசி சிவந்தது. மஞ்சள் சிவந்ததா, எச்சிலே சிவப்பாக இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அப்பாயி சிரித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினார். "செவந்திருக்கில்ல? அப்ப சுண்ணாம்பு சரி." பாக்கின் துவர்ப்புச் சத்துக்கள் காரத்தில்தான் அப்படிச் சிவக்கும் என்று நான் புத்தகத்தில் பார்த்தது அதற்கு அடுத்த வாரம்.