பல் இம்ப்ளான்ட்: ‘கைடு’ வைத்துச் செய்யும் சிகிச்சை யாருக்குத் தேவை?

பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் மீனும் இறாலும் நண்டும்தான் அன்றாடச் சாப்பாடு. அந்த வீட்டில் வாப்பாவோ உம்மாவோ பல் போய், கஞ்சியும் குழைந்த சோறுமாக நாளைக் கழிப்பது சின்ன விஷயம் அல்ல. கீழ்த்தாடையில் போட்ட பல் செட் பேசும்போது எழும்பும், மெல்லும்போது நழுவும். கடைசியில் டப்பாவிலேயே கிடக்கும். அப்போதுதான் பிள்ளைகள், “சென்னைக்குக் கூட்டிப்போய் இம்ப்ளான்ட் வைத்துவிடலாம்” என்று பேசத் தொடங்குகிறார்கள். அங்கே போனால் ‘கைடட் சர்ஜரி’ என்று இன்னொரு செலவையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அது என்ன, எல்லோருக்கும் தேவையா என்பதைப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத்தால் ஆன சிறு திருகு. தாடை எலும்பில் துளை போட்டு அதைப் பொருத்துவார்கள். சில மாதங்களில் எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதன்மேல் பல்லையோ பல் செட்டையோ மாட்டுவார்கள். டைட்டானியம் எலும்போடு இப்படி ஒன்றிவிடும் என்பதைக் கண்டறிந்தவர் ஸ்வீடன் நாட்டின் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அவர் இந்த முறையில் பல் பொருத்தினார்.

சிக்கல் துளை போடுவதில்தான் இருக்கிறது. பல் விழுந்த இடத்தில் எலும்பு வருடா வருடம் தேய்கிறது. கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் உதடு மரத்துப்போகலாம். மேல்தாடைக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் எங்கே மேடிட்டிருக்கிறது என்று தெரியாமல் யாரும் படகை விடமாட்டார்கள். எலும்புக்குள் ட்ரில்லை இறக்குவதும் அப்படித்தான்.

முதலில் சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து எலும்பின் உயரம், அகலம், நரம்பு போகும் பாதை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். வாயின் அளவையும் ஸ்கேனரால் தனியாக எடுக்கிறார்கள். இரண்டையும் கணினியில் ஒன்றாகப் பொருத்தி, பல் எங்கே வர வேண்டும், அதற்குத் திருகு எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் இறங்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அந்தத் திட்டத்தின்படி 3டி பிரிண்டரில் அச்சிடும் கவசம்தான் ‘சர்ஜிக்கல் கைடு’. அதில் திருகு வரவேண்டிய இடங்களில் வளையத் துளைகள் இருக்கும். ட்ரில் அந்தத் துளை வழியே மட்டும்தான் போகும். குறித்த ஆழம் வந்ததும் தடுப்பு அதை நிறுத்திவிடும்.

அதற்காக இது தவறே நடக்காத கருவி என்று நினைக்கக் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் அலசலில், திட்டமிட்ட இடத்துக்கும் திருகு இறங்கிய இடத்துக்கும் இடையே மேற்பகுதியில் சராசரியாக 1.2 மி.மீ., நுனியில் 1.4 மி.மீ. விலகல் இருந்தது. அதனால்தான் நரம்புக்கு மேலே 2 மி.மீ. இடைவெளி விட வேண்டும் என்கிறார்கள். ஸ்கேன் எடுக்கும்போது தலை அசைந்தாலோ கைடு வாயில் ஆடினாலோ தவறு இன்னும் கூடும். மீதிப் பற்கள் இருந்தால் கைடு அவற்றின்மேல் உறுதியாக உட்காரும். பல்லே இல்லாத வாயில் ஈறின்மேல் உட்காருவதால், சிறு ஊசிகளால் அதை எலும்போடு பொருத்த வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கைடும் நீளமான ட்ரில்லும் உள்ளே போக வாய் நன்றாகத் திறக்க வேண்டும். பல வருடம் பாக்கும் புகையிலையும் மென்ற சிலருக்கு வாய் சரியாகத் திறக்காது. அவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் யாருக்குத் தேவை? எலும்பு குறைவாக இருப்பவர்கள், நரம்புக்கு அருகில் திருகு வைக்க வேண்டியவர்கள், முழுத்தாடைக்கும் பல திருகுகள் வைப்பவர்கள் ஆகியோருக்குக் கைடு பெரிய உதவி. எலும்பு தாராளமாக இருந்து ஒரே ஒரு பல் வைப்பவருக்கு, அனுபவமுள்ள மருத்துவர் கைடு இல்லாமலேயே நன்றாகச் செய்துவிட முடியும். கீழ்த்தாடையில் பல்லே இல்லாத பெரியவர்களுக்கு இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, அதன்மேல் கழற்றி மாட்டும் பல் செட் போதும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். முழுவாய்க்கும் நிலையான பல் வைப்பதைவிட இதற்குச் செலவு குறைவு.

நம் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எலும்பு போதாதபோது ‘போன் கிராஃப்ட்’ தூளும் மேலே ஒரு சவ்வும் வைப்பார்கள். இவற்றில் சில மாட்டிலிருந்தும், சில பன்றியிலிருந்தும் எடுக்கப்படுபவை. செயற்கைப் பொருட்களும் உண்டு, நோயாளியின் சொந்த எலும்பையே பயன்படுத்தும் முறையும் உண்டு. எதை வைக்கப் போகிறீர்கள் என்று முன்பே கேட்டால் மாற்றுவது எளிது. சந்தேகம் இருந்தால் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளலாம். இருக்கும் எலும்பிலேயே திருகுக்கு இடம் தேடித் திட்டமிட ஸ்கேனும் கைடும் உதவுவதால், சிலருக்கு கிராஃப்ட்டே தேவைப்படாமலும் போகலாம்.

பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்: ஸ்கேன் படத்தில் நரம்பைக் காட்டுவீர்களா? இந்த வாய்க்குக் கைடு ஏன் தேவை? சொன்ன தொகையில் ஸ்கேன், கைடு, திருகு, மேல் பல் எல்லாம் அடங்குமா? மொத்தம் எத்தனை முறை வர வேண்டும்? கைடு செய்யவே ஓரிரு முறை கூடுதலாக வர நேரலாம். பொன்னேரி போய் ரயிலேறிச் சென்னை சென்று திரும்பினால், அன்றைக்குத் தொழில் இல்லை. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியாரிடம் முடிவு செய்யும் முன் அங்கும் ஒரு முறை காட்டி ஆலோசனை கேட்கலாம்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலோ பீடி, சிகரெட்டை விடாவிட்டாலோ எவ்வளவு துல்லியமாக இறக்கிய திருகையும் எலும்பு பிடிக்காமல் போகலாம். திருகை எங்கே இறக்குவது என்பதைத்தான் கைடு காட்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், புகையை விடுவதும், வாயைச் சுத்தமாக வைத்திருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.