வீட்டு வேலையை நிரை பிரியுங்கள்

கொழுந்து மலையை நிரை பிரித்துத்தானே எடுக்கிறோம்? வீட்டு வேலையும் அப்படித்தான். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர், முன்பு தொடங்கிய 4,000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். அப்போது 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு என்பதுதான் திட்டம். வேலை முடிய முடியத்தான் காசு பகுதி பகுதியாக வரும்.

"வீடு" என்று ஒரே வரியில் எழுதினால் கணக்கு பிடிபடாது. அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு, மலசலகூடம் என்று பிரியுங்கள். பிறகு கூரையை மட்டும் எடுங்கள்: மரம், தகடு, ஆணி, பாஸ் கூலி, லொறி ஏறாத இடத்துக்குச் சுமைகூலி. இந்தக் கடைசியைத்தான் எல்லாரும் மறப்பது. ரோட்டில் இறக்கிய சீமெந்து, மேலே சுமக்கக் காசில்லாமல் மழையில் கல்லாய்ப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மலசலகூடக் குழியை அத்திவாரம் வெட்டும் ஆட்களை வைத்தே வெட்டிவிடுங்கள். சுவர் எழும்பினால் மண் அள்ளிப்போட இடமிருக்காது.