புட்டியிலிருந்து எழும் வாணம்

நம்மவர் வீடுகளில், அவை டில்லியில் இருந்தாலும் நாகபுரியில் இருந்தாலும், விருந்தினர் வந்து சென்ற மறுநாள் சமையலறை மூலையில் ஒரு பொருள் தவறாது கிடக்கும்: சோடாப் பானம் தீர்ந்த பிளாஸ்டிக் புட்டி. அதைக்கொண்டு ஒரு ராக்கெட் செய்யலாம்.

ராக்கெட் என்னும் சொல்லைத் தமிழில் பெயர்க்கப் புகும்போதெல்லாம் நமக்குச் சங்கடந்தான். 'ஏவுகணை' என்றால் போர் வாடை வீசுகிறது. பாட்டிமார் சொன்ன 'வாணம்' என்பதே போதுமென்று தோன்றுகிறது. ஆனால் வாணத்தில் மருந்து உண்டு, இதில் இல்லை. தீக்குச்சி மருந்தைச் சுரண்டிக் குழாயில் அடைக்கும் சிறுவர்களை நாம் கண்டிருக்கிறோம். விரலோ கண்ணோ போன பின் வருந்தி என்ன பயன்? அவர்கள் கையில் தண்ணீரையும் காற்றையும் கொடுப்போம்.

புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, வாயை ரப்பர் அடைப்பானால் இறுக மூடுக. கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை அந்த அடைப்பானில் முன்னரே செருகியிருக்க வேண்டும். வாய் கீழாக நிறுத்தி, சைக்கிள் பம்பினால் காற்றை ஏற்றினால், அழுத்தம் மிகுந்து அடைப்பான் பிதுங்கும். தண்ணீர் கீழே பீறிடும், புட்டி மேலே எழும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டென்று நியூட்டன் 1687-இல் வெளியிட்ட விதியே இது. தண்ணீரே இல்லாவிடில், கனமற்ற காற்று நொடியில் வெளியேறி உந்துதல் குறையும். தண்ணீர் மிகுந்தாலோ, அதைத் தள்ளும் காற்றுக்கு இடமிராது.

கண்ணாடிச் சீசா கூடவே கூடாது. வெடித்தால் சில்லுகள் பாயும். குடிநீர் விற்கும் மெல்லிய புட்டியும் ஆகாது. வாயு கலந்த பானத்தின் புட்டியே அழுத்தம் தாங்குவதற்கென்று செய்யப்பட்டது. அதிலும் கீறல் விழுந்ததை ஒதுக்கிவிடுக. பம்பின் ரப்பர்க் குழாய் நீளமாக இருக்கட்டும். புட்டிக்கு மேல் எவரும் குனிந்து பார்க்கலாகாது. இடம், மொட்டை மாடியன்று, திறந்த மைதானம்.

பழைய அழைப்பிதழ் அட்டையில் மூன்று சிறகுகள் வெட்டி, வாய்ப்பக்கம் ஒட்டினோம். முதல் முறை எங்கள் புட்டி பத்தடி எழுந்து குட்டிக்கரணம் போட்டது. காரணம், முனையில் கனம் போதாமை. கனத்தின் மையம் முன்னேயும், காற்று தள்ளும் மையம் பின்னேயும் இருந்தால்தான் அது நேரே செல்லும். இதைச் சோதிப்பது எளிது. புட்டி சமநிலையில் நிற்கும் இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால், முனை முன்னே செல்ல வேண்டும். எங்களுடையது பக்கவாட்டிலே சுழன்றது.

1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கே ஆரம்ப காலத்தில் ராக்கெட்டின் உறுப்பைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுசென்ற புகைப்படம் பிரசித்தமானது. நம் சைக்கிள் தந்தது பம்பை மட்டுமே. முனைக்குக் கனம் தந்தது கோதுமை மாவு. பிசைந்து வைத்திருந்ததில் ஓர் உருண்டையை எடுத்துக் காகிதம் சுற்றி ஒட்டினோம். அடுத்த முறை புட்டி வேப்பமரத்தைத் தாண்டி நேரே சென்றது. அன்றிரவு சப்பாத்தியில் ஒன்று குறைந்தது. சிறுவர் எவரும் புகார் சொல்லவில்லை.