சின்னாற்றின் நட்சத்திர ஆமைகள்

திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்திலே நட்சத்திர ஆமை ஒன்று ஊர்ந்து வருகிறது என வைத்துக்கொண்டால், அது அங்கே பிறந்ததாக இராது. எங்கிருந்தோ பிடித்துவரப்பட்டு, வளர்த்தவரிடமிருந்து தப்பியதாகவோ அவரால் கைவிடப்பட்டதாகவோ இருக்கும். கிழக்கே தெரியும் மலைக்காட்டில் அதனை விட்டுவிடலாமே என்று இரக்கமுள்ள எவருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் காடு அதன் காடன்று.

கேரளத்தில் நட்சத்திர ஆமை இயற்கையாக வாழும் இடமென அறியப்படுவது இடுக்கி மாவட்டத்துச் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். மூணாற்றிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலை அதனூடே செல்கிறது. ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இக்காடு 1984ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கேரளம் என்றவுடன் மனத்தில் எழும் பசுமையை இங்கே தேடுவோர் ஏமாறுவர். தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழையை மலைத்தொடரின் மேற்குச் சரிவே பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது. மறுபுறத்துச் சின்னாற்றின் தாழ்நிலங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையே கிட்டுகிறது. திருவனந்தபுரத்தில் பெய்வதில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே வேலமும் கள்ளியும் முட்புதரும் மண்டிய நிலமாக அது விளங்குகிறது.

இவ்வறண்ட நிலமே நட்சத்திர ஆமைக்கு உகந்தது. அதன் ஓட்டின் ஒவ்வொரு தகட்டிலும் நடுவே மஞ்சள் நிறத் திட்டும், அதிலிருந்து கதிர்களைப்போல் விரியும் கோடுகளும் உள்ளன. பிடித்து விற்பவருக்கு அக்கோலம் விலைப்பொருள். ஆமைக்கோ அது மறைவிடம். உலர்ந்த புல்லின் நிழலும் ஒளியும் அக்கோடுகளோடு கலந்துவிடுவதால், இரண்டடி தொலைவில் நிற்பவரும் ஆமையைக் காணாது கடந்துவிடலாம். வெயில் ஏறினால் அது புதருக்கடியில் ஒடுங்கும். மழை தூறினால் வெளிவந்து மேயும். குவிந்த ஓடு, புரண்டு விழுந்தால் மீண்டும் நிமிர உதவுகிறது. எப்படி வைத்தாலும் தானே ஒரே நிலைக்குத் திரும்பும் ஒரு வடிவத்தை ஹங்கேரி நாட்டு அறிஞர் இருவர் கண்டமைத்தனர். இவ்வாமையின் ஓடு அதனைப் பெரிதும் ஒத்திருப்பதையும் அவர்களே எடுத்துக்காட்டினர்.

இத்தகைய உயிரை ஓயாத ஈரமுள்ள காட்டில் விட்டால் அதன் மூச்சு உறுப்புகளில் நோய் பற்றும். ஓடும் அழுகத் தொடங்கும். மேலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வேறோர் ஆமை ஏற்கெனவே குடியிருக்கிறது. அது 1907ஆம் ஆண்டு பூலஞ்சர் என்னும் விலங்கியலறிஞர் பெயரிட்ட திருவிதாங்கூர் ஆமை. புதிதாய் வருவது நோயுடன் வந்தால் அந்நோய் இதற்கும் தொற்றலாம்.

ஆகவேதான் கேரளத்தின் பல ஊர்களில் மீட்கப்பட்ட நட்சத்திர ஆமைகள், சின்னாற்றில் அமைந்த மறுவாழ்வு மையத்திற்குக் கொண்டுவரப்பட்டன. மீட்ட ஆமையை முதலில் தனியே வைத்துக் கவனித்து, நலமுடன் இருப்பதை உறுதிசெய்த பின்னரே காட்டில் விடுதல் முறை. இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இவ்வாமையினம் தமிழகம், ஆந்திரம், இலங்கை, இந்தியாவின் வடமேற்குப் பகுதி எனப் பல இடங்களில் தனித்தனிக் கூட்டங்களாக வாழ்கிறது. கடத்தல்காரரின் பெட்டியில் பிடிபட்ட ஆமை எந்த நிலத்தது என்பதை அதன் ஓட்டைப் பார்த்து உறுதியாகக் கூறுதல் அரிது. ஊர் தெரியாமல் விட்டால் கூட்டங்கள் கலந்துவிடும் என அறிவியலாளர் அஞ்சுகின்றனர்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார் சிலர். வளர்த்தால் செல்வம் பெருகும் என்பார் வேறு சிலர். முதற்கூற்றால் விளைந்த தீங்கைவிட இரண்டாவதால் விளைந்ததே மிகுதி எனலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். 2019இல் அதன் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டது.

வழிதவறிய ஆமையைக் காண்போர், காற்றுப்புகும் பெட்டியில் ஈரம் படாமல் அதனை வைத்து வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். புண்ணியம் எனக் கருதிக் கோயில் குளத்தில் விடுவோரும் உளர். நட்சத்திர ஆமைக்குத் துடுப்புக் கால்கள் இல்லை. தூண்போன்ற கால்களால் நீந்த இயலாமல் அது மூழ்கிவிடும்.