உங்களுக்குத் தெரியுமா? லெய்டன் ஏடுகளில் காஞ்சியின் உளி

ஹாலந்து தேசத்து லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தின் அபூர்வச் சேகரங்களிடையே நூறாண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாக்கப்பட்டு, அந்நகரின் பெயராலேயே சரித்திர ஆசிரியர்களால் வழங்கப்பெற்ற சோழர் செப்பேடுகளில் எழுத்துப் பொறித்தவர்கள், நம் காஞ்சிபுரத்துக் கலைஞர்களே!

• ஏடுகள் 21: சம்ஸ்கிருதத்தில் 5, தமிழில் 16. எடை ஏறக்குறைய 30 கிலோ.

• கடல்கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த பௌத்த விஹாரத்திற்கு, பரம சிவபக்தனான முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைத் தானமளித்தான். தந்தையின் வாக்கைச் செம்பிலே சாசனமாக்கி நிலைபெறச் செய்தவன் குமாரன் ராஜேந்திரன். சைவ மன்னர் இருவர் ஒரு பௌத்த தர்மத்தை இத்தனை சிரத்தையுடன் காத்தமை எண்ணுந்தோறும் நெஞ்சை நெகிழ்விக்கிறது.

• ஏடுகளைக் கோத்த வளையத்தில் ராஜேந்திரனின் ராஜமுத்திரை.

• ராஜேந்திரனின் மற்றொரு சாசனமான திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் ஏடுகள் 31; அவையும் காஞ்சிக் கலைஞரின் கைவண்ணமே.