தக்காளி வெடிப்பதன் காரணங்கள்

உடப்புசல்லாவைச் சரிவுகளில் ஆடி, ஆவணி மாதங்களின் வறள்காற்று தேயிலைக்கு மணமூட்டும். லயத்தோரத் தக்காளிக்கோ அதுவே பகை. வறட்சியில் காயின் தோல் இறுகிவிடுகின்றது. ஐப்பசி மழையில் வேர் மிகுதியாக நீரை உறிஞ்ச, உட்சதை திடீரெனப் பருத்து, நெகிழ்ச்சியிழந்த தோல் காம்படியிலிருந்து பிளக்கின்றது. இதனை நோயெனக் கருதி மருந்து தெளிப்பது வீண்செலவே. தேயிலை விரும்பும் அமில மண்ணில் கல்சியம் குறைவு என்பதும் ஒரு காரணம். டொலமைட் இட்டால் ஓரளவு ஈடாகும்.

சீராக நீர் பாய்ச்சுக என்பர் விவசாய நூலார். ஒரே பீலியை லயம் முழுவதும் பகிரும் இடத்தில், தமக்கென நிலமுமில்லாத தொழிலாளர் அதனை எங்ஙனம் செய்வர் என நாம் வினவ வேண்டியுள்ளது. அவர்தம் கைக்கெட்டுவது மானாப்புல்லே. அதனைக் காயவைத்துப் பாத்தியை மூடினால் ஈரம் நிலைக்கும். மழைக்கு முன்னரே, நிறம் மாறத் தொடங்கிய காய்களைப் பறித்துவிடலாம். அவை வீட்டிலேயே பழுக்கும்.